தோழியின் பக்கம் பேசியவள்

எங்கள் தெருவில் வருஷத்துக்கு ஒருமுறை ஓர் இளவரசியைக் கொல்லுவார்கள். தை மாதம், பொங்கல் கழிந்து வரும் சனிக்கிழமை சாயங்காலம், திருவனந்தபுரம் வலியசாலைக் கோயிலை ஒட்டிய மண்டபத்தில், நாடக மேடையில். மறுநாள் அதே மேடையில் வழக்காடு மன்றம் வைத்து அவளைக் கொன்றது யார் என்று விசாரிப்பார்கள். விசாரித்து, தீர்ப்புச் சொல்லி, பாக்குமட்டைத் தட்டில் சேமியா உப்புமா தின்றுவிட்டுக் கலைவார்கள். அடுத்த தை மாதம் மறுபடியும் அவளே சாவாள், மறுபடியும் அதே விசாரணை. இத்தனை வருஷத்தில் யாருக்கும் வெட்கம் வந்ததாகத் தெரியவில்லை.

கதை எல்லோருக்கும் மனப்பாடம். ஒரு ராஜா, அவருக்கு ஒரே மகள். பக்கத்து நாட்டு இளவரசனுக்கு அவளைத் தருவதாக ராஜா வாக்குக் கொடுத்துவிடுகிறார். மகளோ எல்லைக்காவல் தலைவன் ஒருவனை விரும்புகிறாள். இது அவளுடைய தோழி ஒருத்திக்கு மட்டும் தெரியும். தோழி போய் ராஜாவிடம் சொல்லிவிடுகிறாள். ராஜா மகளை மேல்மாடத்தில் பூட்டிவைக்கிறார். இது அநியாயம் என்று அமைச்சருக்குத் தெரியும், ஆனால் வாயைத் திறப்பதில்லை. கடைசிக் காட்சியில் ராஜா மனம் மாறி ஓடிவந்து கதவைத் திறக்கிறார். மகள் விஷம் குடித்துக் கிடக்கிறாள். ராஜா அழுவார், கூடவே மண்டபமும் அழும்.

வழக்காடு மன்றத்தில் குற்றவாளிகள் மூன்று பேர்: ராஜா, அமைச்சர், தோழி. ஒவ்வொருவர் மேலும் குற்றம் சாட்ட ஒருவர், விடுவிக்க ஒருவர். நடுவர் என்னுடைய அப்பா. சர்க்கார் ஆபீஸில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பன்னிரண்டு வருஷமாக அவர்தான் நடுவர். மேஜைமேல் ஒரு பித்தளை மணி இருக்கும். நேரம் மீறினால் தட்டுவதற்கு. அதைத் தட்டும்போது அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டும், ஹைகோர்ட் நீதிபதி தோற்றுப்போவார்.

போன தை மாதத்து மன்றத்தில் தோழியை விடுவிக்கப் பேசியவள் நான்.

அதை ஏன் என் தலையில் கட்டினார்கள் என்பதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. இதையெல்லாம் நடத்துகிற எங்கள் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர் எங்களுக்கு அடுத்த வீட்டுக்காரர், எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். ஒருநாள் வாசலில் நின்று சொன்னார். “தோழியும் பெண்ணாக்கும், பேசறவளும் பெண்ணா இருக்கட்டும். உனக்கு நாக்கும் உண்டு.” ஆபீஸில் நாள் முழுக்க மலையாளத்தில் கோப்பு எழுதுகிறவளுக்கு மேடையில் தமிழ் பேசக் கிடைத்தால் கசக்குமா? சரி என்றேன். பட்டியல் அப்பாவின் கைக்குப் போனது. தோழிக்கு நேரே என் பெயரைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார். அப்பாவுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ஒரு விஷயம் அந்தக் கையெழுத்துக்குள் இருந்தது.

எங்கள் வீட்டுத் தோழி நான்தான்.

எனக்கு ஓர் அக்கா. என்னைவிட மூன்று வயது மூத்தவள். அந்த மன்றத்துக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கார்த்திகை மாதத்தில், கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருக்கும்போது என்னிடம் சொன்னாள். அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற ஒருவர், பாறசாலைப் பக்கத்துக்காரர், சர்ச்சுக்குப் போகிற குடும்பம். “ஒரு மாசம் பொறு. எனக்கு வேலை நிரந்தரமாகட்டும். நானே அப்பாகிட்டே சொல்லிக்கறேன். நீ வாயைத் தொறக்காதே, கேட்டியா?” என்றாள். நான் தலையை ஆட்டினேன். ஆறே நாளில் வாயைத் திறந்தேன்.

ஏன் என்று பின்னால் எனக்கு நானே பல பதில்கள் சொல்லிக்கொண்டேன். அக்காமேல் அக்கறை, அப்பாவின் ரத்தக்கொதிப்பு, ஜாதகம் கேட்டு வந்த மனிதர்களின் முன் மானம் போய்விடுமே என்ற பயம். எல்லாம் வெறும் பூச்சு. எதைக் கேட்டாலும் அப்பா அக்காவைத்தான் கேட்பார். நான் ஏதாவது சொல்ல வந்தால் “உனக்கென்ன தெரியும்” என்பார். அன்று எனக்குத் தெரிந்த ஒன்று அவருக்குத் தெரியாமல் இருந்தது. அந்தச் சுகத்துக்காகச் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு முதல்முறையாக என்னை முழுசாகப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அக்காவை விற்றேன் என்று சொன்னால் அதில் மிகை எதுவும் இல்லை.

அப்பா அவளுடைய போனைப் பிடுங்கிக்கொண்டு அவளை மாடியறையில் போட்டுப் பூட்டினார். ஒன்பது நாள். சாப்பாடு அம்மா கொண்டுபோவாள், அப்பா கூடவே நிற்பார். ராத்திரியும் பகலும் அவள் கதவைத் தட்டினாள், அழுதாள், அப்புறம் தட்டுவதை விட்டாள். பத்தாம் நாள் காலையில் அப்பா கோயிலுக்குப் போய்விட்டு வந்தபோது பூட்டு திறந்திருந்தது, அக்கா இல்லை. யார் திறந்தது என்று அப்பா கேட்கவில்லை. கேட்டால் அம்மா பதில் சொல்லிவிடுவாள் என்ற பயம் அவருக்கு.

ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் நடந்த சேதி வந்த அன்று அப்பா தலை முழுகத் தீர்மானித்தார். உயிரோடு இருக்கிற பிள்ளையைச் செத்ததாக வைத்துக் குளத்தில் முழுகி உறவை அறுத்துக்கொள்வது எங்களவர்களுக்கு ஒரு கௌரவமான வழக்கம். ஆனால் கோயில் குளத்தைச் சுற்றிக் கம்பிவேலி போட்டுப் பூட்டியிருந்தார்கள். சாவி வேண்டுமென்றால் மனு கொடுக்க வேண்டும், மனுவில் காரணம் எழுத வேண்டும். அதனால் அப்பா வீட்டுக் குளியலறையிலேயே முழுகினார். மார்கழிக் குளிராம், கீசர் போட்டுக்கொண்டார். திருவனந்தபுரத்தில் எந்த மார்கழியில் குளிர்ந்தது? பெற்ற மகளை வெந்நீரில் தலைமுழுகிவிட்டு, துவட்டிக்கொண்டு வந்து, காப்பி கேட்டார்.

அந்த மாப்பிள்ளையும் தமிழர்தான். தெருவில் இருக்கிற எங்களில் பாதிப் பேரைவிடத் திருத்தமாகத் தமிழ் பேசுவார். தமிழை வாழவைக்கத்தான் இந்தச் சங்கம் என்று மேடைதோறும் முழங்குகிறவர்களுக்கு அது கணக்கில் வரவில்லை. போன தை மாதத்துப் பேனரில் “உத்தரவாதி யார்?” என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். பொறுப்பாளி என்பதற்கு மலையாளத்தில் சொல்கிற சொல். அது தமிழில்லை என்றுகூட யாருக்கும் உறைக்கவில்லை.

போன தை மாதம் அக்காவுக்கு ஏழாம் மாதம். அம்மாவுக்குச் சேதி எப்படியோ வந்துவிட்டது. பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போகிறேன் என்று கிளம்பிப் போனவள், சாலைக் கடைத்தெருவில் இரண்டு டஜன் கண்ணாடி வளையல் வாங்கிவந்து துணிகளுக்கு அடியில் வைத்திருந்தாள். மகளுக்கு வளைகாப்பு செய்ய வேண்டும், பிரசவத்துக்குக் கூட இருக்க வேண்டும். அம்மா கேட்டதெல்லாம் அவ்வளவுதான். மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் அப்பா, “எந்தப் பொண்ணு?” என்றார்.

இந்த நிலைமையில்தான் ஞாயிற்றுக்கிழமை வந்தது. அம்மா மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சங்கத்துப் பையன்கள் மொபைலை ஸ்டாண்டில் வைத்து நேரலை போட்டார்கள். மைக்கில் ஒருத்தன், “இந்த பிராவசியம் அடிபொளி ஆயிருக்கும்” என்று, இந்தத் தடவை பிரமாதம் என்பதை அரை மலையாளத்தில் அறிவித்துக்கொண்டிருந்தான்.

ராஜாவைக் குற்றம் சாட்ட எழுந்தவர் எதிர்வீட்டு மாமா. “பெற்ற மகளைப் பூட்டிய கை மனிதக் கையா?” என்று மைக்கைப் பிடித்துக் கர்ஜித்தார். “வாக்கு! வாக்கு! வாக்கை வைத்து நாக்கு வழிப்பதா?” கைதட்டல் கூரையைப் பிய்த்தது. இதே மாமா, அக்கா போன மறுநாள் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து அப்பாவின் முழங்கையைத் தட்டி, “நன்னாப் பண்ணினேள். தெருவுக்குன்னு ஒரு மானம் உண்டோல்லியோ?” என்று சொல்லிவிட்டுப் போனவர். அவருடைய பையன் கனடாவில் ஒரு வெள்ளைக்காரியைக் கட்டிக்கொண்டான். அவள் வந்தபோது பாலடைப் பிரதமன் பாயசத்தோடு விருந்து வைத்தார், மொத்தத் தெருவும் வாயைத் துடைத்துக்கொண்டு போய்வந்தது.

அமைச்சரைக் குற்றம் சாட்டியவர் செயலாளர். “தெரிந்தும் மௌனமாக இருப்பவன் கொலைகாரனைவிடக் கொடியவன்” என்று ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்பு முட்டியது. ஒன்பது நாள் அந்த ஒற்றைச் சுவருக்கு அப்பால் என் அக்கா கதவைத் தட்டியதைக் கேட்டவர் இவர். கேட்டுவிட்டு என்ன செய்தார்? டிவி சத்தத்தைக் கூட்டினார். எங்களுக்கு அவர் வீட்டு சீரியல் வசனம் ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்டது. இப்போது அமைச்சரின் மௌனத்துக்காகக் குரல் தழுதழுக்க நின்றார். பார்த்தால் பாவமாக இருந்தது என்று சொல்ல ஆசைதான், இல்லை, அருவருப்பாக இருந்தது.

ராஜாவை விடுவிக்க வந்தவர் எல்லாம் விதி என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எந்த வருஷத்திலும் ஒருத்தர் விதியைக் கூட்டிக்கொண்டு வருவார். அதற்கு மேடை பயம் கிடையாது, எதிர்த்துப் பேசவும் பேசாது.

அப்புறம் என் முறை வந்தது.

சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே பேசினேன். “தோழி பொய் சொன்னாளா? இல்லை. விஷம் கொடுத்தாளா? இல்லை. கதவைப் பூட்டினாளா? சாவி அவள் இடுப்பில் இருந்ததா? ஒரு தகப்பனிடம் அவன் மகளைப் பற்றிச் சொன்னாள், அவ்வளவுதான். அவன் ராஜாவாக நடந்துகொள்வான் என்று அந்தப் பேதைப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? சொன்ன சொல்லுக்கு வேண்டுமானால் அவள் பொறுப்பு. கேட்டவர்கள் அதை வைத்துச் செய்ததற்கு அவளா பொறுப்பு?” பெண்கள் பக்கத்திலிருந்து கைதட்டல் கிளம்பியது. அப்பா மேஜையில் தட்டி, “பலே!” என்றார். அந்த ஒரு கணம் நானே நம்பிவிட்டேன், தோழி நிரபராதி என்று. மேடை அப்படிப்பட்ட இடம்.

அப்பா தீர்ப்புச் சொல்ல எழுந்தார். அமைச்சரை எச்சரித்து விட்டார். “தோழி பேதை” என்று என்னைத் துளியும் பார்க்காமல் விடுதலை செய்தார். பிறகு சால்வையைச் சரிசெய்துகொண்டார்.

“குற்றவாளி ராஜாதான். சொன்ன சொல் பெரிதா, பெற்ற பெண் பெரிதா என்று கேட்கத் தெரியாதவன் தகப்பனே இல்லை. கதவைத் திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காத கை, பிறகு எத்தனை முறை மாரில் அடித்துக்கொண்டால் என்ன?” குரல் உடைந்தது. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடிப்பு என்று சொன்னால் எனக்கும் சௌகரியமாக இருக்கும். நிஜமாகவே அழுதார். ஓர் அட்டைக் கிரீட ராஜாவின் மகளுக்காக என் அப்பா நிஜக் கண்ணீர் விட்டார். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. அம்மா மட்டும் எழுந்திருக்கவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு நடக்கும்போது அம்மா கேட்டாள். “ஏன்னா, அப்போ நாளைக்குப் போலாமோல்லியோ?”

“எங்கே?”

“அவ ஆத்துக்கு. இப்போதானே தீர்ப்புச் சொன்னேள்.”

அப்பா நின்றுவிட்டார். ஏதோ குழந்தை கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டது போல அம்மாவைப் பார்த்தார். “அது கதாபாத்திரத்துக்குச் சொன்ன தீர்ப்பாக்கும். நாடகம் வேறே, குடும்பம் வேறே. இதுகூடப் புரியாதா நோக்கு?”

“நான் வேறேன்னு நினைக்கலை,” என்றாள் அம்மா.

“வெறுதே ஓரோண்ணு பேசாதே, சும்மா உளறிண்டு,” என்றார் அப்பா. மேற்கொண்டு நடந்தார். எதிரே வந்த யாரோ தீர்ப்பைப் பாராட்டினார்கள். அவர் கை கூப்பிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதுதான் எனக்கு அவர்மேல் இருந்த பயம் விட்டுப்போனது. பயம் போன இடத்தில் மரியாதையும் தங்கவில்லை. முன்னூறு பேருக்கு முன்னால் ராஜாவைத் தூக்கில் போடத் தெரிந்த மனிதருக்கு மகள் இருக்கிற நேமம் வரை ஓர் ஆட்டோ ஏறத் தெரியவில்லை. அப்படியானால் அந்த மன்றம் எதற்கு? யோசித்துப் பார்த்தால் விடை எளிது. குற்றத்தை யார் தலையிலாவது கட்டிவிட்டு வீட்டுக்குக் கை வீசிக்கொண்டு வரத்தான். வருஷத்துக்கு ஒருமுறை ராஜாவைத் திட்டிவிட்டால் மிச்ச நாளெல்லாம் நாமே ராஜாவாக இருந்துகொள்ளலாம்.

மறுநாள் காலையில் அம்மா குளித்து, பட்டுப் புடவை கட்டி, பையோடு கூடத்துக்கு வந்தாள். என்னிடம், “ஆட்டோ கூப்பிடு,” என்றாள். நான் ஆபீஸுக்கு லீவு சொல்லியிருந்தேன்.

அப்பா பேப்பரை இறக்கினார். “இன்னிக்கு நீ இந்தப் படி தாண்டினா...”

“என்ன, எனக்கும் கீசர் போடுவேளா?” என்றாள் அம்மா.

முப்பத்தைந்து வருஷத்தில் அம்மா அவரை எதிர்த்துச் சொன்ன முதல் சொல் என்று நினைக்கிறேன். அப்பா மணியைத் தட்டலாம் என்றால் அது மண்டபத்து மேஜையில் இருந்தது. நாங்கள் படியிறங்கினோம்.

நேமத்தில் இரண்டாம் மாடி. கதவைத் திறந்தவர் அக்காவின் கணவர். “வாங்க அத்தே. வெயில்ல வந்திருக்கிய, உள்ள வந்து இருங்க. அவ இப்பதான் எந்திச்சா,” என்றார். இரண்டு வருஷமாக யாரும் எட்டிப் பார்க்காத வீட்டில், நேற்றுத்தான் வந்துபோனவர்களிடம் பேசுகிற மாதிரி பேசினார். அக்கா உள்ளேயிருந்து வந்தாள். அம்மாவைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் கட்டிக்கொண்டு அழுததை நான் எழுதப்போவதில்லை. அது எனக்குச் சொந்தமில்லாதது.

அம்மா வளையலை அடுக்கினாள், குங்குமம் வைத்தாள், ஐந்து சாதம் செய்கிறேன் என்று அடுக்களைக்குப் போனாள். மாப்பிள்ளை எலுமிச்சம்பழம் வாங்கக் கீழே இறங்கினார். கூடத்தில் அக்காவும் நானும் மட்டும். நான் சுவர்க் காலண்டரைப் பார்த்தேன், மின்விசிறியைப் பார்த்தேன். அவள்தான் பேசினாள்.

“நேத்திக்கு நேரலை பார்த்தேன். நன்னாப் பேசினே.”

“சும்மா... பேரு போட்டுட்டா. அதான்,” என்றேன்.

“இல்லை, நிஜமாவே நன்னா இருந்தது. தோழி பாவம்னு எனக்கே தோணித்து.” வளையல்களை ஒவ்வொன்றாக மேலே தள்ளிக்கொண்டே சொன்னாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன். “அந்தப் பொண்ணு அரண்மனையில வேலைக்கு வந்தவ. ராஜா ஆத்துக்குள்ளே எப்படி இருப்பார்னு அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். ஒத்துக்கறேன்.”

அடுக்களையில் அம்மா கடுகு தாளிக்கும் சத்தம் கேட்டது.

“நீ அந்த ஆத்துலேயே பொறந்தவளாக்கும்,” என்றாள் அக்கா. “அப்பா என்ன பண்ணுவார்னு நோக்குத் தெரியாதா?”

என்னிடம் அப்போதும் சொல்வதற்கு வாதங்கள் இருந்தன. ரத்தக்கொதிப்பு இருந்தது, ஜாதகம் இருந்தது, எதிர்வீட்டு மாமாவும் செயலாளரும் இருந்தார்கள். ஆளுக்கொரு பங்காகப் பிரித்தால் என் பங்குக்குச் சல்லிக்காசு அளவுகூட வராது. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன்.

“தெரியும்,” என்றேன். “தெரிஞ்சுதான் சொன்னேன்.”